வண்டி நின்ற பிறகு ஏன் வருகிறது பெட்ரோல் வாடை?

ராத்திரி எட்டரை மணி. வேலை முடிந்து வந்தவர் வண்டியை வராண்டாவில் ஏற்றிப் பூட்டிவிட்டு முகம் கழுவப் போகிறார். “என்னங்க, பெட்ரோல் வாடை அடிக்குது, வண்டிய வெளில விடுங்க” என்று சமையலறையிலிருந்து குரல். வந்து குனிந்து பார்க்கிறார். தரையில் ஈரம் இல்லை. டேங்க் மூடி இறுக்கமாகத்தான் இருக்கிறது. “இப்பதான் பெட்ரோல் போட்டேன், அதான்” என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்காருகிறார். மறுநாளும் அதே வாடை, அதே பதில். மைலேஜ் குறைந்துவிட்டது என்று தெரிந்த பிறகுதான் மெக்கானிக் ஞாபகம் வருகிறது.

வண்டியை வீட்டுக்குள் வைத்துப் பூட்டுகிற பழக்கம் நம்முடையது. தெருவில் விட்டால் திருட்டு பயம், வெயில், மழை. ஆகவே மாடிப்படிக்கு அடியிலும் நடையிலும், சில வீடுகளில் கூடத்திலுமே வண்டி நிற்கிறது. பக்கத்தில் ஈ.பி. மீட்டர், இன்வெர்ட்டர், கொஞ்சம் தள்ளிப் பூஜை மாடம். பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று, நான்கு மடங்கு கனமானது. மேலே ஏறிக் கலைந்து போகாமல் தரையோடு பரவி, பள்ளமான இடத்தில் தங்கும். காற்றில் 1.4 சதவீதம் கலந்தாலே தீப்பிடிக்கும் அளவை எட்டிவிடும். மூக்குக்கு எட்டுகிற அளவு இதைவிட மிக மிகக் குறைவு என்பதால், வாடை வந்தவுடனே வீடு பற்றிக்கொள்ளும் என்று பதற வேண்டியதில்லை. ஆனால் பெட்ரோலில் பென்சீன் இருக்கிறது. பி.எஸ்.6 தரப் பெட்ரோலில் அது 1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று வரம்பு கட்டியிருப்பது, அது புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்பதால்தான். ஜன்னல் சாத்திய வீட்டில் ராத்திரி முழுக்கக் குழந்தைகள் அதை முகர்ந்துகொண்டு தூங்குவது சரியில்லை.

மெக்கானிக் ஷாப்பில் போய் “பெட்ரோல் ஸ்மெல் வருது” என்று மட்டும் சொன்னால் என்ன நடக்கும்? டியூபை மாற்றுவார்கள். வாடை போகாவிட்டால் கார்புரேட்டரைக் கழற்றி, கழுவி, கிட் போடுவார்கள். அதற்கும் போகாவிட்டால் கார்புரேட்டரையே மாற்றச் சொல்வார்கள். அவர்களை முழுக்கக் குறை சொல்ல முடியாது. வாடை வருவது ராத்திரி வீட்டில்; வண்டி கடைக்கு வருவது மறுநாள் காலையில், இன்ஜின் ஆறிய பிறகு. சம்பவம் நடந்த நேரத்தில் பக்கத்தில் இருந்தது வண்டிக்காரர்தான். வாடை எப்போது வருகிறது என்று அவர் ஒழுங்காகக் கவனித்துச் சொன்னாலே, எங்கிருந்து வருகிறது என்பதில் பாதி வெளிவந்துவிடும்.

முதலில் மூக்கைச் சோதியுங்கள்

ஓடும்போது வராத வாடை நின்றதும் வருவது எப்படி என்று பலருக்குச் சந்தேகம். பல கசிவுகளில் ஓடும்போதும் அது வந்துகொண்டுதான் இருக்கும். எதிர்க்காற்று பின்னால் அடித்துக்கொண்டு போய்விடுகிறது. வண்டி நின்றதும் காற்றும் நிற்கிறது, ஆவி சுற்றிலும் தேங்குகிறது.

இன்னொன்று, மூக்கு சீக்கிரம் பழகிவிடும். தினமும் அந்த வண்டியை ஓட்டுபவரின் மூக்கை நம்ப முடியாது. வீட்டில் உள்ள வேறொருவரை முகர்ந்து பார்க்கச் சொல்லுங்கள். பங்க்கில் சிந்திய ரெண்டு சொட்டு பேன்ட்டிலோ கையுறையிலோ ஊறியிருந்தாலும் வண்டியிலிருந்து வருவது போலவே இருக்கும். உடுப்பை மாற்றிவிட்டு வந்து மறுபடி பாருங்கள்.

அடுத்து, இயல்பான வாடையைத் தனியே பிரிக்க வேண்டும். கார்புரேட்டர் வண்டியில் இன்ஜினை அணைத்ததும் சூடு உடனே இறங்குவதில்லை. ஓடும்போது சிலிண்டரைக் குளிர்வித்த காற்று நின்றுபோவதால், அந்தச் சூடு கார்புரேட்டருக்கு ஏறுகிறது. பெட்ரோலின் லேசான பகுதி 40 டிகிரிக்குள்ளேயே கொதிக்கத் தொடங்கிவிடும். கார்புரேட்டர் கிண்ணத்தில் கிடக்கும் பெட்ரோல் இப்படி ஆவியாகி, காற்றுத் துளை வழியாக வெளியே வரும். அக்னி நட்சத்திரக் காலத்தில், நெடுந்தூரம் ஓட்டிவிட்டு நிறுத்தினால் பத்துப் பதினைந்து நிமிடம் லேசான வாடை வந்து அடங்குவதில் தப்பில்லை. அரை மணி நேரத்துக்கு மேலும் அடித்தால், காலையில் கதவைத் திறக்கும்போதும் அடித்தால், தேட வேண்டும்.

மிதவை செய்கிற வேலை

ஸ்ப்ளெண்டர், பல்சர், பழைய புல்லட், ஆர்.எக்ஸ்.100 என்று 2020-க்கு முன்பு வந்த பெரும்பாலான வண்டிகளில் இருப்பது கார்புரேட்டர். அதன் அடிக்கிண்ணத்தில் ஒரு மிதவை இருக்கும். மெக்கானிக்குகள் அதை ஃப்ளோட் என்பார்கள். வீட்டு மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் நிரம்பியதும் பந்து எழும்பிக் குழாயை அடைப்பது போலத்தான் அதன் வேலையும். பெட்ரோல் குறிப்பிட்ட மட்டத்துக்கு வந்ததும் மிதவை எழும்பி, ஒரு சிறிய ஊசியை அதன் துளையில் அழுத்தி வரத்தை நிறுத்தும். நீடில் என்கிற அந்த ஊசியின் முனையில் பல வண்டிகளில் ரப்பர் இருக்கும். வருடக் கணக்கில் அழுந்தி அழுந்தி அதில் ஒரு வளையத் தழும்பு விழும். பிறகு அது முழுசாக மூடாது. டேங்க்கிலிருந்து வரும் ஒரு துணுக்குத் துரு துளையில் மாட்டிக்கொண்டாலும் இதே கதிதான். மட்டம் ஏறி, கிண்ணத்துக்குள் நிற்கும் ஓவர்ஃப்ளோ குழாய் வழியாகச் சொட்டத் தொடங்கும்.

ஓடும்போது இது தெரியாமல் போவதற்குக் காரணம் இருக்கிறது. கசிந்து வருவதை இன்ஜின் குடித்துவிடுகிறது. அணைத்த பிறகு குடிக்க ஆள் இல்லை; டேங்க்கிலிருந்து வருவது மட்டும் நிற்பதில்லை. சொட்டு சூடான இன்ஜின் மேல் விழுந்து தரைக்கு வரும் முன்பே ஆவியாகிவிடுவதால் கீழே ஈரமும் இருக்காது. “ஒழுகவே இல்லையே, வாடை மட்டும் எப்படி” என்ற குழப்பம் பெரும்பாலும் இங்கேதான் தீரும்.

இதைக் கண்டுபிடிக்கக் காசு செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. வீட்டுக்கு வந்ததும் பெட்ரோல் டேப்பை மூடிவிடுங்கள். மெக்கானிக் பாஷையில் காக். முன்பெல்லாம் வண்டியை நிறுத்தினால் டேப்பை மூடுவது அனிச்சையான பழக்கம். இப்போது ரிசர்வுக்குத் திருப்பும்போது மட்டும்தான் அதன் ஞாபகமே வருகிறது. (எஸ்டி, ஜாவா ஓட்டியவர்கள் ஸ்டார்ட் செய்யும் முன் கார்புரேட்டர் பொத்தானை அழுத்திப் பெட்ரோலைப் பொங்க வைத்தவர்கள். அந்தத் தலைமுறைக்கு இந்த வாடை ஒரு பொருட்டே இல்லை.) டேப்பை மூடிய ராத்திரி வாடை இல்லாமல், திறந்து வைத்த ராத்திரி வாடை வந்தால், கசிவு டேப்புக்குக் கீழே இருக்கிறது: மிதவை, நீடில், கிண்ணத்தின் ரப்பர் வளையம், டிரெயின் ஸ்க்ரூ, டியூபின் கீழ்முனை. மூடியும் வாடை வந்தால் டேப்பே உள்ளுக்குள் தேய்ந்திருக்கிறது, அல்லது கோளாறு அதற்கு மேலே டேங்க்கில் இருக்கிறது. இந்த ஒரு சோதனையிலேயே தேட வேண்டிய இடம் பாதியாகச் சுருங்கிவிடும்.

சைடு ஸ்டாண்டையும் கவனியுங்கள். வண்டி இடப்பக்கம் சாயும்போது கிண்ணத்தில் மட்டம் ஒரு பக்கமாக ஏறும். சென்டர் ஸ்டாண்டில் வாடை இல்லாமல் சைடு ஸ்டாண்டில் மட்டும் வந்தால், மிதவை நிறுத்துகிற பெட்ரோல் மட்டம் கொஞ்சம் கூடுதலாக வைக்கப்பட்டிருக்கலாம். டிரெயின் முனையில் கண்ணாடி போன்ற டியூப் ஒன்றை மாட்டி, கிண்ணத்தின் பக்கமாக மேலே தூக்கிப் பிடித்து ஸ்க்ரூவைத் தளர்த்தினால், உள்ளே இருக்கும் மட்டம் டியூபில் அப்படியே தெரியும். கிண்ணம் சேரும் கோட்டைத் தாண்டிப் பெட்ரோல் ஏறினால் சந்தேகம் உறுதி. நல்ல மெக்கானிக் கார்புரேட்டரைக் கழற்றும் முன் இதைத்தான் செய்வார். ஸ்க்ரூ டிரைவர் பிடியால் கிண்ணத்தை இரண்டு தட்டுத் தட்டுவதும் பழைய வித்தை. மாட்டிக்கொண்ட நீடில் சில சமயம் விடுபட்டுவிடும். ஆனால் டேங்க்கில் துரு இருக்கும்வரை அது திரும்ப வரும். ஃபில்டரைப் பார்க்காமல் நீடிலை மட்டும் மாற்றுவது வீண் செலவு.

டிப்ஸ்டிக்கை எடுத்து முகருங்கள்

இந்த விஷயத்தில் நம் ஆட்கள் பெரும்பாலும் பார்க்காத இடம் இன்ஜின் ஆயில். நீடில் மூடாமல், ஓவர்ஃப்ளோ டியூபும் அடைத்திருந்தால் பெட்ரோல் வேறு வழி தேடும். அந்த டியூப் அடைவது அபூர்வம் இல்லை. சேறு போதும், சில நாள் நகராமல் நின்ற வண்டியில் குளவி மண் வைத்துக் கூடு கட்டியிருக்கும். வெளியே போக முடியாத பெட்ரோல் இன்டேக் வழியாகச் சிலிண்டருக்குப் போய், பிஸ்டன் வளையங்களைத் தாண்டி ஆயிலில் இறங்கும்.

பழைய கியர்லெஸ் ஸ்கூட்டர்களில் இன்னொரு வழியும் உண்டு. அவற்றில் பெட்ரோல் டேப்பைக் கையால் திருப்ப வேண்டியதில்லை. இன்ஜின் ஓடும்போது உண்டாகும் உறிஞ்சுவிசை ஒரு ரப்பர்த் தகட்டை இழுத்து டேப்பைத் திறக்கும். அந்தத் தகடு கிழிந்தால், உறிஞ்சுவிசைக்காகப் போட்ட மெல்லிய குழாய் வழியாகவே பெட்ரோல் இன்ஜினுக்குள் போய்விடும். குழாயைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே காய்ந்திருக்க வேண்டும். ஈரமாக இருந்தால் தகடு போய்விட்டது.

அறிகுறி எளிது. ஆயில் மட்டம் மேல்கோட்டைத் தாண்டி ஏறியிருக்கும். ஆயில் தண்ணீராக ஓடும், முகர்ந்தால் பெட்ரோல் நெடி அடிக்கும். ஆயில் குறைந்தால் பயப்படுகிறவர்கள் கூடினால் சந்தோஷப்படுகிறார்கள். ஆயில் தானாகக் கூடுவதில்லை. அந்த நிலையில் வண்டியை ஸ்டார்ட் செய்யவே கூடாது. நீர்த்த ஆயில் பேரிங்கையும் சிலிண்டரையும் தின்றுவிடும். சிலிண்டருக்குள் பெட்ரோல் நிறைய நின்றால், பிஸ்டன் அதை அமுக்க முடியாமல் கனெக்டிங் ராடு வளைந்துபோவதும் உண்டு. கசிவை நிறுத்தி, ஆயிலை மாற்றி, பிறகுதான் சாவி.

டேங்க் நிரம்பினால் மட்டும் வருகிறதா?

வாடைக்கும் டேங்க்கில் உள்ள அளவுக்கும் தொடர்பு இருக்கிறதா என்று பாருங்கள். ஃபுல் டேங்க் போட்ட இரண்டு நாள் மட்டும் அடித்துவிட்டு, பெட்ரோல் பாதிக்கு இறங்கியதும் நின்றால், கோளாறு டேங்க்கின் மேல்பாகத்தில்: மூடியின் ரப்பர் வாஷர், மூடிக்கு அடியில் உள்ள வளையம், வாய்ப்பகுதியின் வெல்டிங், காற்றுக் குழாய். எந்த அளவிலும் வந்தால் அடிப்பாகத்தைத் தேடுங்கள்.

பங்க்கில் தானாக நின்ற பிறகும் ரவுண்டாக ஐந்நூறு ரூபாய் வரட்டும் என்று விரலால் அமுக்கி அமுக்கி ஊற்றுகிற பழக்கத்துக்கு இதில் பெரிய பங்கு உண்டு. பெட்ரோல் ஒரு டிகிரி சூடேறினால் ஆயிரத்தில் ஒரு பங்கு விரியும். தரைக்கடியில் 30 டிகிரியில் இருந்த 10 லிட்டரை வாய்வரை நிரப்பி வெயிலில் நிறுத்தினால், டேங்க் 50 டிகிரியைத் தொடும்போது கிட்டத்தட்ட 200 மில்லி கூடுதலாகிவிடும். அதற்கு உள்ளே இடம் இல்லை.

புதிய வண்டிகளில் அந்தப் பெட்ரோல் போய்ச் சேருகிற இடம் கேனிஸ்டர். 2017 ஏப்ரலில் பி.எஸ்.4 மாசுக் கட்டுப்பாட்டு விதி எல்லா இருசக்கர வாகனங்களுக்கும் வந்தபோது, புகைக்கு மட்டுமில்லாமல் டேங்க்கிலிருந்து கிளம்பும் ஆவிக்கும் வரம்பு வந்தது. அதற்காக வைத்த கறுப்பு டப்பா அது. உள்ளே கரித்தூள். வண்டி நிற்கும்போது ஆவியை அது பிடித்து வைத்துக்கொள்ளும். ஓடும்போது இன்ஜின் அதை உறிஞ்சி எரித்துவிடும். கரித்தூள் ஆவிக்காக வைத்தது, திரவம் ஊறினால் கெட்டுப்போகும். அப்புறம் டப்பாவே வாடை விடும். “இது தேவையில்லாத அயிட்டம் சார்” என்று சில கடைகளில் அதைக் கழற்றி டியூபின் வாயை அப்படியே தொங்க விட்டுவிடுகிறார்கள். அந்த வேலை நடந்த வண்டியில் வாடை வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

டியூப் விஷயத்திலும் கடைக்காரர் கைவைத்தியம் உண்டு. கம்பெனி ரப்பர் ஹோஸுக்குப் பதிலாக, பார்க்க அழகாக இருக்கிறது, பெட்ரோல் ஓடுவது தெரிகிறது என்று கண்ணாடி பிளாஸ்டிக் டியூப் போடுவார்கள். இன்ஜின் சூட்டில் அது சில மாதங்களில் மஞ்சளாகி, குச்சி போல விறைத்து, முனையில் பிடிப்பை இழக்கும். கிளிப்பை எவ்வளவு இறுக்கினாலும் பயன் இல்லை. சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலோ உங்கள் ஊர் ஸ்பேர்ஸ் கடையிலோ, பெட்ரோலுக்கென்றே செய்த தடித்த ஹோஸை அளவு சொல்லி வாங்குங்கள்.

ரப்பர் என்றதும் எத்தனால் பேச்சு வந்துவிடும். இந்தியாவில் 2023 பிப்ரவரியில் அறிமுகமான இ20 பெட்ரோல், 2025-க்குள் நாடு முழுக்கப் பரவிவிட்டது. அதற்கு முன்பு வடிவமைத்த வண்டிகளின் வாஷர், வளையம், டியூப் எல்லாம் பெரும்பாலும் 20 சதவீத எத்தனாலை மனதில் வைத்துச் செய்தவை அல்ல. சிலவகை ரப்பர் எத்தனாலில் ஊறி உப்பும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். பழைய வண்டிகள் சிலவற்றில், 20,000 முதல் 30,000 கிலோமீட்டர் ஓடிய பிறகு ரப்பர் பாகங்களையும் கேஸ்கெட்டையும் மாற்ற வேண்டிவரலாம் என்று மத்திய பெட்ரோலியத் துறையே 2025 ஆகஸ்டில் சொன்னது. அதற்காக ஒவ்வொரு கசிவையும் எத்தனால் தலையில் கட்டுவது சரியில்லை. பத்து வருடம் ஆன ரப்பர் எந்தப் பெட்ரோலிலும் போகும். ஆனால் 2015 மாடல் வண்டி வைத்திருப்பவர் ஒரே சர்வீஸில் எல்லா வளையங்களையும் டியூபையும் சேர்த்து மாற்றிவிடுவது புத்திசாலித்தனம். சில்லறைக் காசுதான்.

இன்ஜெக்‌ஷன் வண்டியா? விளையாடாதீர்கள்

2020 ஏப்ரலில் பி.எஸ்.6 வந்தபோது பெரும்பாலான வண்டிகள் ஃப்யூல் இன்ஜெக்‌ஷனுக்கு மாறின. ஸ்ப்ளெண்டர் மட்டுமில்லை, டி.வி.எஸ். எக்ஸ்.எல். கூட மாறியது. இதில் கிண்ணமும் மிதவையும் கிடையாது. திறந்த பெட்ரோலே இல்லை. அதனால் மேலே சொன்ன பத்து நிமிட இயல்பான வாடை என்ற சலுகையும் இவற்றுக்குக் கிடையாது. வாடை வந்தால் ஏதோ ஓரிடத்தில் கசிவு என்றுதான் பொருள். ஒன்று கேனிஸ்டர், இல்லையென்றால் டேங்க் மூடி. இரண்டும் இல்லையென்றால் விஷயம் தீவிரம்.

காரணம் அழுத்தம். கார்புரேட்டருக்குப் பெட்ரோல் தன் கனத்தில் இறங்கி வருகிறது. இங்கே டேங்க்குக்குள் இருக்கும் மின் பம்ப் அதைச் சுமார் 3 பார் அழுத்தத்தில் தள்ளுகிறது. பைக் டயரில் அடிக்கும் காற்றைவிட இது அதிகம். ஹோஸில் ஒரு கீறல் விழுந்தால் சொட்டாது, பீய்ச்சும். அதுவும் சாவி போட்டிருக்கும்போது மட்டும். அணைத்ததும் நின்றுவிடுவதால் தேடும்போது ஈரம் இருக்காது.

பார்க்கிற முறை இது. இன்ஜின் ஆறியிருக்க வேண்டும், வண்டி திறந்த வெளியில் இருக்க வேண்டும். ஒருவர் சாவியைத் திருப்பட்டும். ஸ்டார்ட் செய்ய வேண்டாம். இரண்டு மூன்று விநாடி பம்ப் ஓடுகிற சத்தம் கேட்கும். அந்த நேரத்தில் இன்னொருவர் டார்ச் அடித்து டேங்க்கின் அடியில் பம்ப் உட்காரும் வளையம், ஹோஸின் இரு முனைகள், இன்ஜெக்டர் நுழையும் இடம் மூன்றையும் பார்க்க வேண்டும். ஈரம் மின்னினால் சாவியை எடுத்துவிட்டு மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். வண்டியை ஓட்டிக்கொண்டு போக வேண்டாம். வெளியே எங்கும் ஈரமில்லை, ஆனால் சூடாக இருக்கும்போது மறுபடி ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கிறது, ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்தால் நெடி அடிக்கிறது என்றால், இன்ஜெக்டரே உள்ளுக்குள் சொட்டிக்கொண்டிருக்கலாம். அப்போதும் ஆயிலை ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

வாடை சைலன்சர் பக்கமிருந்து, அதுவும் இன்ஜின் ஓடும்போது மட்டும் வந்தால் கதையே வேறு. பெட்ரோல் ஒழுகவில்லை, எரியாமல் வெளியே வருகிறது. கார்புரேட்டர் வண்டியானால் சோக் போட்டபடி ஓட்டுவது, எந்த வண்டியிலும் அடைத்த ஏர் ஃபில்டர், கறுத்த ஸ்பார்க் பிளக் காரணமாக இருக்கலாம். பிளக்கைக் கழற்றிப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

வீட்டில் செய்யக்கூடியது, செய்யக் கூடாதது

கசிவு எங்கே என்று பிடிபடவில்லை என்றால் ராத்திரி வண்டிக்கு அடியில் ஒரு அட்டையை விரித்து, சக்கரம் நிற்கிற இடத்தைப் பேனாவால் குறித்துவிடுங்கள். காலையில் அட்டை எங்கே நெளிந்திருக்கிறது, எங்கே வாடை அடிக்கிறது என்று பாருங்கள். சந்தேகப்படும் இணைப்புகளைத் துணியால் துடைத்து, இன்ஜின் ஆறிய நிலையில் முகப் பவுடரை லேசாகத் தூவினால், சொட்டு வந்த தடம் கோடாகத் தெரியும். கோலமாவு வேண்டாம், அது பெரும்பாலும் கல்தூள். கார்புரேட்டரின் ஒரு பக்கத்தில் மட்டும் மஞ்சள் பழுப்பாகக் கறை படிந்திருந்தால், பெட்ரோல் நாள்கணக்கில் கசிந்து காய்ந்த அடையாளம் அது.

தீக்குச்சி வெளிச்சத்தில் டேங்க்கைப் பார்க்கிற மனிதர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்பதால் இதையும் எழுத வேண்டியிருக்கிறது: டார்ச் மட்டும். வாடை பலமாக இருந்தால் வீட்டுக்குள் ஸ்டார்ட் செய்யாமல் வண்டியை வெளியே தள்ளி, கதவு ஜன்னலைத் திறந்து வையுங்கள். அது போகும்வரை பூஜை விளக்கும் அடுப்பும் வேண்டாம், சுவிட்சில் கைவைக்கவும் வேண்டாம். தரையில் சிந்தியதன் மேல் மணலைப் போடுங்கள். தண்ணீர் ஊற்றினால் பெட்ரோல் அதன் மேல் மிதந்து இன்னும் பரவும். டியூபை வாயில் வைத்து உறிஞ்சிப் பெட்ரோல் எடுக்கிற வழக்கம் கடைகளில் சர்வ சாதாரணம். சில துளி நுரையீரலுக்குள் போனாலே நிமோனியா போன்ற அழற்சி வரும். அப்படி யாராவது குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். டேங்க் கசிவின் மேல் எம்-சீல் அப்பிவிட்டு வருடக் கணக்கில் ஓட்டுவதும் நிறுத்த வேண்டிய பழக்கம்.

அடுத்த முறை மெக்கானிக்கிடம் போகும்போது நான்கு விஷயங்களைச் சொல்லுங்கள்: டேப்பை மூடினால் வாடை நிற்கிறதா, எந்த ஸ்டாண்டில் வருகிறது, டேங்க் எவ்வளவு இருக்கும்போது வருகிறது, ஆயில் மட்டம் எங்கே நிற்கிறது. கேட்டுவிட்டும் “கார்புரேட்டர மாத்திடலாம் சார்” என்றுதான் அவர் ஆரம்பிக்கிறார் என்றால், வேறு மெக்கானிக்கைப் பாருங்கள்.